இல்லாத காலில் வலி வருவது எப்படி?

உடம்பு நம்முடைய பொருளா? அல்லது உடம்பே நாம்தானா? தத்துவ ஞானிகள் கண்ட அதிசயம்!

காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் காலின் கட்டை விரல் "சுரீர், சுரீர்" என்று வலிக்கிறது!

கை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தக் கையின் விரல்கள் மடங்கியிருப்பது போலவும், நகங்கள் உள்ளங்கையில் குத்துவது போலவும் இருக்கிறது!

இது கட்டுக்கதை அல்ல, பைத்தியமும் அல்ல. கை கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அனுபவம் உண்டு. எரிகிற வலியாகச் சிலருக்கு வரும். அரிப்பாகச் சிலருக்கு வரும். சொறியலாம் என்றால், சொறிய இடம் இல்லை!

இல்லாத ஒன்று எப்படி வலிக்க முடியும்? இந்தக் கேள்வி வைத்தியர்களை மட்டும் திகைக்க வைக்கவில்லை. தத்துவ ஞானிகளையும் தூங்கவிடாமல் அடித்தது. அதற்கு விடை தேடிப் போனவர்கள், "மனிதன் என்பவன் யார்?" என்ற பெரிய கேள்விக்கே வந்து சேர்ந்தார்கள்.

சிப்பாய் கேட்ட உதவி

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. ஆயிரமாயிரம் சிப்பாய்கள் கை கால்களை இழந்தார்கள். பிலடெல்பியா நகரத்தில் சைலஸ் வெயர் மிட்சல் என்ற டாக்டர் அவர்களுக்குச் சிகிச்சை செய்தார்.

1866இல் ஓர் அமெரிக்க மாதப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. யுத்தத்தில் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் இழந்த ஒருவர் தம் வரலாற்றைச் சொல்வதுபோல் அது இருந்தது.

அதில் ஓர் இடம். காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறார். இடது கால் ஆடுதசையில் ஒரே குடைச்சல். பணியாளைக் கூப்பிட்டு, அதைத் தேய்த்துவிடச் சொல்கிறார். பணியாளுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்வையை விலக்கிக் காட்டுகிறான். இரண்டு கால்களும் இல்லை!

படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். உண்மையான மனிதர் என்று நம்பி, அவருக்காகப் பணம் திரட்டினார்கள். பிலடெல்பியா ஆஸ்பத்திரிக்கே தேடிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. டாக்டர் மிட்சல்தான் அந்தக் கதையை எழுதியவர்!

ஆள்தான் கற்பனை. வலி கற்பனை அல்ல. மிட்சல் தம் நோயாளிகளிடம் கேட்டதையே கதையாக்கினார். 1871இல் இந்த அதிசயத்துக்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். தமிழில் அதை "மாய உறுப்பு" என்று சொல்லலாம்.

மனம் வேறு, உடம்பு வேறா?

மிட்சலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேள்விப்பட்டு யோசித்தவர் ஒருவர் உண்டு. அவர் பிரான்சு நாட்டுத் தத்துவ ஞானி டேகார்ட். 1596இல் பிறந்தவர். பெரிய கணித மேதை.

அவர் ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவளுடைய கை அழுகிவிட்டது. அவள் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் கண்ணைக் கட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டார்கள். கை போனது அவளுக்குத் தெரியாது. ஆனால் பிறகும், "இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டேகார்ட் இதற்கு ஒரு காரணம் சொன்னார். விரலிலிருந்து மூளை வரைக்கும் நரம்பு ஒரு கயிறுபோல ஓடுகிறது. கயிற்றின் நுனியை இழுத்தாலும், நடுவில் இழுத்தாலும் மேல் முனை ஒரே மாதிரிதான் அசையும். வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு இழுபட்டால், "விரல்தான் வலிக்கிறது" என்று மனம் எண்ணிக்கொள்கிறது என்றார். கெட்டிக்காரத்தனமான விடை!

ஆனால் டேகார்ட் இதோடு நிற்கவில்லை. மனிதனை அவர் இரண்டாகப் பிரித்தார். உடம்பு ஒரு யந்திரம். அதற்கு நீளம், அகலம், எடை உண்டு. மனம் வேறு. அதற்கு நீளமும் இல்லை, எடையும் இல்லை. அது நினைக்கும், சந்தேகப்படும். எதைச் சந்தேகப்பட்டாலும், சந்தேகப்படுகிற மனம் ஒன்று இருப்பதைச் சந்தேகப்பட முடியாது என்றார் அவர். 1641இல் வெளிவந்த அவருடைய நூல் ஐரோப்பாவையே கலக்கியது.

இளவரசி போட்ட முடிச்சு

அந்த மேதையை ஓர் இளம்பெண் மடக்கினாள். பெயர் எலிசபெத். பொகீமியா நாட்டு இளவரசி. ராஜ்யத்தை இழந்த குடும்பம், ஹாலந்தில் தங்கியிருந்தார்கள். 1643இல் அவள் டேகார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவள் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்:

மனத்துக்கு எடையும் இல்லை, உருவமும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது உடம்பைத் தொட முடியாது. தொடாத ஒன்று, கையை எப்படித் தூக்கும்? காலை எப்படி நடக்கவைக்கும்?

டேகார்ட் பதில் எழுதினார். இளவரசிக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் கேட்டாள். கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மூளையின் நடுவில் உள்ள ஒரு சிறு சுரப்பிதான் மனமும் உடம்பும் சந்திக்கும் இடம் என்று டேகார்ட் சொல்லிப் பார்த்தார். அந்த முடிச்சு அவிழவில்லை.

டேகார்ட்டுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்தேயிருந்தது. கப்பலில் மாலுமி உட்கார்ந்திருப்பதுபோல மனம் உடம்பில் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கப்பல் ஓட்டையானால் மாலுமி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான், அவனுக்கு வலிக்காது. நமக்கோ வலிக்கிறது! பிறகு எப்படி இரண்டும் வேறு வேறாகும்?

தொடுகிற கையா, தொடப்படுகிற கையா?

முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்த்தவர் எட்மண்ட் ஹூசர்ல். 1859இல் பிறந்தவர். ஜெர்மனியில் பேராசிரியராக இருந்தவர். அவர் தொடங்கிய தத்துவத்துக்கு "பினாமினாலஜி" என்று பெயர். தமிழில் "தோற்றவியல்" என்று சொல்லலாம்.

பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. "உலகம் எதனால் ஆனது என்ற வாதத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் அனுபவத்தில் அது எப்படித் தோன்றுகிறது என்பதை முதலில் கூர்ந்து பாருங்கள்" என்பதே அதன் வழி.

உடம்பையும் ஹூசர்ல் அப்படியே பார்த்தார். ஒரு சின்ன சோதனை. நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம்.

வலது கையால் மேசையைத் தொடுங்கள். கை தொடுகிறது, மேசை தொடப்படுகிறது. மேசைக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அதே வலது கையால் உங்கள் இடது கையைத் தொடுங்கள். என்ன ஆகிறது? வலது கை தொடுகிறது. ஆனால் இடது கை மேசை மாதிரிச் சும்மா இருக்கவில்லை. தான் தொடப்படுவதை அதுவும் உணர்கிறது. சற்று மனத்தைத் திருப்பினால், இடது கைதான் வலது கையைத் தொடுவதுபோலவும் ஆகிவிடுகிறது!

உலகத்தில் வேறு எந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் இல்லை. உடம்பு ஒரு பொருள்தான். கண்ணாடியில் பார்க்கலாம், எடை போடலாம். ஆனால் உணர்வதும் அதே உடம்புதான்.

ஜெர்மன் மொழியில் உடம்புக்கு இரண்டு சொற்கள் உண்டு. தராசில் நிறுக்கிற உடம்பு "கோர்ப்பர்". உயிரோடு, உள்ளிருந்து வாழ்கிற உடம்பு "லைப்". டாக்டர் எக்ஸ்ரே எடுப்பது முதலாவதை. பசிப்பதும் கூசுவதும் வெட்கப்படுவதும் இரண்டாவது. இரண்டும் ஒன்றேதான், ஆனால் பார்க்கிற விதம் வேறு.

பெட்டிகளில் தப்பிய தத்துவம்

ஹூசர்ல் யூத குலத்தில் பிறந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அவருக்குச் சர்வகலாசாலைக் கதவு அடைக்கப்பட்டது. 1938 ஏப்ரலில் அவர் இறந்தார். வீட்டில் சுருக்கெழுத்தில் எழுதிய தாள்கள் ஏறக்குறைய 40,000 பக்கம் குவிந்து கிடந்தன. நாஜிகள் கையில் சிக்கினால் சாம்பல்தான்!

அப்போது பெல்ஜியம் நாட்டிலிருந்து வான் பிரேடா என்ற இளம் பாதிரியார் ஆராய்ச்சிக்காக வந்தார். நிலைமையைப் பார்த்தார். தாள்களைப் பெட்டிகளில் அடைத்து, பெர்லினில் இருந்த பெல்ஜியத் தூதராலயத்தில் சேர்த்தார். தூதராலயத்துச் சாமான்களைச் சோதனை போட முடியாது. அப்படியே அவை பெல்ஜியத்தின் லூவேன் நகரம் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.

ஹூசர்லின் மாணவி ஈடித் ஸ்டைனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதல் உலக யுத்தத்தின்போது 1915இல் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேவை செய்தவர் அவர். பிறருடைய துன்பம் நமக்கு எப்படித் தெரிகிறது என்பதை ஆராய்ந்து 1916இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறருடைய கையைப் பார்க்கும்போது வெறும் சதையை நாம் பார்ப்பதில்லை. உணர்கிற கையைப் பார்க்கிறோம் என்று அவர் காட்டினார்.

பிறகு ஹூசர்லுக்கு உதவியாளராக இருந்து, உடம்பைப் பற்றிய அவருடைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தினார். பெண் என்பதால் அவருக்குச் சர்வகலாசாலைப் பதவி மறுக்கப்பட்டது. கன்னியாஸ்திரீ ஆனார். யூதராகப் பிறந்த காரணத்தால் 1942 ஆகஸ்டில் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். 1998இல் கத்தோலிக்க சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

உயிரும் மெய்யும்

1939இல், யுத்தம் மூள்வதற்குச் சில மாதங்களுக்கு முன், லூவேன் நகரத்தில் அந்தத் தாள்களைப் படிக்க ஒரு பிரெஞ்சு வாலிபர் வந்தார். பெயர் மொரீஸ் மெர்லோ போன்டி. 1908இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயிடம் வளர்ந்தவர்.

யுத்தம் வந்தது. மெர்லோ போன்டி ராணுவத்தில் சேர்ந்தார். பிரான்சு தோற்றது. ஜெர்மானியர் பிடித்த பாரிஸ் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1945இல் அது வெளிவந்தது. "காட்சி உணர்வின் தோற்றவியல்" என்பது அதன் பெயர்.

அந்தப் பெரிய நூலின் கருத்தைத் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்ட எவரும் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். தமிழ் எழுத்தில் "அ" என்பது உயிர். "க்" என்பது மெய். மெய் என்றால் உடம்பு என்றும் பொருள். இரண்டும் சேர்ந்தால் "க". இது உயிர்மெய். "க" என்ற எழுத்தில் எது உயிர், எது மெய் என்று கத்தரித்துக் காட்ட முடியுமா? முடியாது. அது ஒரே எழுத்து.

டேகார்ட் மனிதனை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்து வைத்தார். சேர்ப்பது எப்படி என்று தெரியாமல் திண்டாடினார். மெர்லோ போன்டி, "மனிதன் முதலிலிருந்தே உயிர்மெய்தான், பிரித்தது நம்முடைய யோசனைதான்" என்கிற மாதிரி சொன்னார். "எனக்கு ஓர் உடம்பு இருக்கிறது" என்பதைவிட, "நான் என் உடம்பாக இருக்கிறேன்" என்பதே சரி என்பது அவர் கட்சி.

தடி கையாகிறது!

கண் தெரியாதவர் ஒருவர் தடியை ஊன்றி நடக்கிறார். புதிதாகத் தடி பிடித்த அன்று, தடி அவருடைய உள்ளங்கையில் அழுத்துவதை உணர்வார். சில நாளில் அது மறைந்துவிடும். தடியின் நுனியில் கல்லையும் பள்ளத்தையும் நேராகவே உணர்வார். தடி இப்போது வெறும் பொருள் அல்ல, கை நீண்டுவிட்டது! இது மெர்லோ போன்டி சொல்லும் உதாரணம்.

இன்னொன்றும் சொல்கிறார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற வித்துவான் வேறு ஊருக்குப் போகிறார். அங்கே உள்ள ஆர்கனில் கட்டைகளின் வரிசை வேறு. ஆனால் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தால் போதும். கச்சேரிக்குத் தயார்! ஒரு மணி நேரத்தில் அத்தனை கட்டைகளின் இடத்தையும் அவர் மனப்பாடம் செய்தாரா? இல்லை. கையும் காலும் அந்த வாத்தியத்துக்குள் குடியேறிவிட்டன.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். லாரி டிரைவர் சந்துக்குள் வண்டியை விடும்போது டேப் வைத்து அளப்பதில்லை. சாதம் வடிக்கிற அம்மா கஞ்சி விழும் இடத்தைக் கணக்குப் போடுவதில்லை. "எப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டால், "கை தானே செய்கிறது" என்பார்கள். மெர்லோ போன்டி சொல்வதும் ஏறக்குறைய அதுதான். அறிவு தலையில் மட்டும் இல்லை; கையிலும் இருக்கிறது.

கொசு கடித்த இடம் எங்கே?

முதல் உலக யுத்தத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்குப் பின்மண்டையில் காயம். பிராங்பர்ட் நகரத்தில் கோல்ட்ஸ்டைன், கெல்ப் என்ற இரண்டு நிபுணர்கள் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். புத்தகங்களில் அவரை ஷ்னைடர் என்று குறிப்பிடுவார்கள்.

கண்ணை மூடச் சொல்லி, "மூக்கைச் சுட்டிக் காட்டு" என்றால், அவரால் முடியாது. ஆனால் மூக்கைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துவிடுவார். கொசு கடித்தால், தேடாமல் அந்த இடத்தில் கை போய்விழும். தோல் பைகள் செய்வது அவர் பிழைப்பு. கத்தரியும் ஊசியும் கையில் வந்தால் வேலை தடையில்லாமல் நடக்கும். வேலை இல்லாமல், சும்மா "கையை ஆட்டு" என்றால் திண்டாடிப் போவார்.

உடம்பு வெறும் யந்திரமாக இருந்தால், கொசு கடித்த இடத்துக்குப் போகிற கை, காட்டச் சொன்ன இடத்துக்கும் போகவேண்டும். எல்லாம் மனத்தின் கட்டளை என்றால், இரண்டுமே நடக்கவேண்டும். நடக்கவில்லையே! ஆகவே, யந்திரமும் அல்லாத, தனி மனமும் அல்லாத மூன்றாவது ஒன்று இருக்கவேண்டும். அதுதான் வாழ்கிற உடம்பு என்றார் மெர்லோ போன்டி. இந்த நோயாளியைப் பற்றிய குறிப்புகளில் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பழகிய உடம்பு

இப்போது மாயக் காலுக்கு வருவோம்.

நரம்புதான் காரணம் என்றார்கள் சிலர். உண்மைதான், மூளைக்குப் போகிற நரம்பை வெட்டினால் மாய உறுப்பு மறைவதுண்டு. மனம்தான் காரணம் என்றார்கள் வேறு சிலர். அதுவும் உண்மை, காயம்பட்ட சம்பவத்தை நினைவூட்டினால் மாய உறுப்பு திரும்பி வருவதுண்டு. இரண்டும் உண்மையானால் என்ன அர்த்தம்?

மெர்லோ போன்டி சொன்ன விடை இது. நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடுக்கு உடம்பு உண்டு. ஒன்று இப்போது இருக்கிற உடம்பு. இன்னொன்று பழகிய உடம்பு. வீடு மாறிப் போனவர்களுக்கு இது தெரியும். இருட்டில் எழுந்தால், கை பழைய வீட்டில் சுவிட்சு இருந்த பக்கம் போகும். புதுச் சுவரில் அங்கே ஒன்றும் இருக்காது.

காலை இழந்தவருக்கும் இதுதான் நேர்கிறது. படி ஏறச் சொல்லி அழைக்கிறது. சைக்கிள் மிதிக்கச் சொல்லி அழைக்கிறது. காலை நம்பியிருந்த அந்த உலகம் இன்னும் அவரை அழைத்துக்கொண்டிருக்கிறது. பழகிய உடம்பு "இதோ வருகிறேன்" என்று எழுகிறது. இப்போதுள்ள உடம்பில் கால் இல்லை. நடுவில் நிற்பதுதான் மாயக் கால்!

இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. 1971இல் 19 வயது வாலிபர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்துக்குக் கீழே தொடு உணர்ச்சி போய்விட்டது. கை எங்கே, கால் எங்கே என்பதும் தெரியாமல் போயிற்று. தசைகளுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை! ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, மனத்தால் கணக்குப் போட்டு, மறுபடியும் நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் கீழே விழுந்துவிடுவார். மனம் எஜமான், உடம்பு வேலைக்காரன் என்ற ஏற்பாட்டில் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவரே சாட்சி.

பிறர் பார்வை என்ற விலங்கு

மெர்லோ போன்டி லியோன் நகரத்தில் வகுப்பு நடத்தியபோது, அதைக் கேட்டவர்களில் ஒருவர் பிரான்ஸ் பனோன். அப்போது பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த மார்ட்டினிக் தீவில் 1925இல் பிறந்த கறுப்பர். வைத்தியம் படித்தவர்.

1952இல் அவர் எழுதிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அவரைக் கை நீட்டிக் காட்டி, பயமாக இருக்கிறது என்று தாயிடம் சொல்கிறது. அந்தக் கணத்தில் அவர் உடம்பு அவருக்கே அந்நியமாகிவிட்டது. அதற்கு முன்பு அவர் தம் கையை நினைக்காமலே மேசைமேல் உள்ள சிகரெட்டை எடுப்பார். இப்போதோ, தம் தோல் எல்லோர் கண்ணிலும் ஒரு பொருளாக நிற்கிறது. உடம்பைப் பொருளாக்குவதற்குக் கத்தி வேண்டியதில்லை. ஒரு பார்வையே போதும் என்பதை உலகுக்குக் காட்டினார் பனோன்.

நோயாளி பொருள் அல்ல

கே டூம்ஸ் என்ற பெண்மணி அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1973இல் அவருக்கு நரம்பு நோய் கண்டது. கொஞ்சம் கொஞ்சமாக நடை தளர்ந்து, சக்கர நாற்காலிக்கு வந்தார்.

படுக்கை அறைக்கு வெளியே ஒரு புத்தக அலமாரி இருந்தது. முதலில் அது புத்தகம் வைக்கிற இடம். நடை தளர்ந்தபோது, பிடித்துக்கொண்டு நடக்கிற துணை. சக்கர நாற்காலி வந்த பிறகு, வழியை மறிக்கிற இடைஞ்சல். அலமாரி மாறவில்லை. உடம்பு மாறியது, உலகமே மாறிவிட்டது!

ஓட்டலுக்குப் போனால், "அவர் எங்கே உட்காருவார்?" என்று அவரை விட்டுவிட்டுக் கணவரிடம் கேட்பார்களாம். காலில்தான் நோய், பேச்சிலா நோய்?

டாக்டரும் நோயாளியும் ஒரே நோயைப் பேசுவதில்லை என்பது டூம்ஸ் 1992இல் எழுதிய நூலின் சாரம். டாக்டர் பார்ப்பது நரம்பை, ரத்தத்தை, படத்தை. நோயாளிக்கு நோய் என்பது, மாடிப்படி ஏற முடியாமை. குழந்தையைத் தூக்க முடியாமை. இரண்டும் வேண்டும். ஒன்றைக் கேட்காமல் மற்றதற்கு மருந்து கொடுத்தால் பாதி வைத்தியம்தான்.

கண்ணாடி செய்த வைத்தியம்

மாய உறுப்பின் கதையில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. அவர் டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்திய அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரர். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பேராசிரியரானார்.

கையை இழந்த ஒரு வாலிபரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தில் தொடுகிறீர்கள். போன கையின் கட்டை விரலிலும் தொடுகிறீர்கள்!" என்கிற மாதிரி பதில் வந்தது. மூளையில் முகத்துக்கான பகுதியும் கைக்கான பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து சேதி வருவது நின்றதும், பக்கத்து வீட்டுச் சேதி அங்கே கேட்கத் தொடங்குகிறது என்று அவர் கருதினார்.

1990களில் அவர் ஒரு பெட்டி செய்தார். நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னே வைக்கவேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கை இருக்கவேண்டிய இடத்தில் நிற்கும். நல்ல கையை விரித்தால், போன கையும் விரிவதுபோலத் தோன்றும். பல ஆண்டுகளாக மாயக் கை இறுகிக் கிடந்த சிலருக்கு, அந்தக் கணத்தில் கை "விரிந்தது"! வலியும் குறைந்தது.

2007இல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனை முடிவு வெளிவந்தது. காலை இழந்து, கண்ணாடிப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. சிலருக்குப் பயனே இருக்காது. ஆனால் மருந்தும் கத்தியும் இல்லாமல், ஒரு பார்வை வலியைத் தொட்டுவிட்டது. உடம்பு வெறும் கயிறும் கப்பியுமாக இருந்தால் இது நடக்குமா?

வீட்டில் செய்யவேண்டியது

மெர்லோ போன்டி நீண்ட காலம் வாழவில்லை. 1952இல் பிரான்சின் பெருமைமிக்க கல்விக்கூடமான "கொலேழ் த பிரான்சு" அவரைத் தத்துவப் பேராசிரியராக்கியது. 1961 மே 3ஆம் தேதி திடீரென்று இறந்தார். வயது 53. அடுத்த வகுப்புக்காக அப்போது அவர் தயார் செய்துகொண்டிருந்த பாடம் எது தெரியுமா? டேகார்ட்!

அவர் விட்டுச் சென்ற பாடம் தத்துவ வகுப்புக்கு மட்டும் உரியது அல்ல. சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களும், விபத்தில் கையை இழந்தவர்களும் பல வீடுகளில் இருக்கிறார்கள். "போன கால் வலிக்கிறது" என்று அவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள். "மனப்பிராந்தி" என்று அடக்காதீர்கள். பலர் அந்தப் பயத்திலேயே வெளியில் சொல்லாமல் வலியை விழுங்குகிறார்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மருந்து உண்டு, பயிற்சி உண்டு.

படுக்கையில் கிடக்கும் பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது, "பாட்டி, இந்தப் பக்கம் திருப்பட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூட்டையைப் புரட்டும்போது யாரும் அனுமதி கேட்பதில்லை. மனிதரைத் தொடும்போது கேட்கவேண்டும். நீங்கள் தொடுவது பாட்டியின் உடம்பை அல்ல; பாட்டியை!